ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த ஹெரால்டு அபிமானிகளே,

பழைய கார்களின் அணிவகுப்பு எங்கே நடந்தாலும் அங்கே உங்கள் வண்டிகளைத் தேடிச் சென்று பார்ப்பவர்களில் நானும் ஒருவன். அண்மைக் காலமாக அவ்வாறு பார்க்கும்போதெல்லாம் மனத்தை உறுத்தி வந்த விஷயம் ஒன்றை இனியும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது நியாயமன்று என்று தோன்றியதால் இந்த மடலை எழுதத் துணிந்தேன். சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்து, இந்நாட்டுச் சாலைகளிலேயே ஆயுள் முழுவதையும் கழித்து, துருவுக்கும் காயலான் கடைக்கும் தப்பி, உங்கள் கைகளில் புனர்ஜன்மம் எடுத்திருக்கும் அந்தக் கார்களின் முகப்பில், அவை பிறந்தபோது தாங்கியிருந்த ‘ஸ்டாண்டர்டு’ என்னும் பெயரைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ‘டிரையம்ஃப்’ என்னும் பெயரைப் பளபளக்கப் பொருத்தி நிறுத்தியிருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் செய்திருந்தால் அவருடைய ரசனை என்று விட்டுவிடலாம். பலர் செய்யத் தொடங்கி, அதுவே உயர்ந்த புனரமைப்புக்கு அடையாளம் என்னும் அபிப்பிராயமும் பரவி வரும் இந்நிலையில், உங்களிடம் நேராகவே பேசிவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

உங்கள் நோக்கத்தில் குற்றம் காண நான் வரவில்லை. உதிரி பாகம் தேடிப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்கிய பின், கடல் கடந்த ஊர் ஒன்றில் அதே பாகம் புத்தம் புதிதாக, காகிதப் பொட்டலத்தில் விலைச்சீட்டோடு கிடைக்கிறது என்று அறியும்போது உங்கள் மனம் அந்த ஊரை நோக்கித் திரும்புவது இயற்கை. பாகங்களோடு அவ்வூரார் எழுதிய கையேடுகளும் வருகின்றன. கையேடுகளோடு அவர்கள் காரைப் பற்றிய சரித்திரமும் வருகிறது. அந்தச் சரித்திரத்தில் சென்னைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்களே ஆகையால், நாளடைவில் நம்முடைய கார் ஏதோ ஒரு மூலத்தின் குறைபட்ட பிரதி என்னும் எண்ணம், யாரும் வாயால் சொல்லாமலே, உங்கள் உள்ளத்தில் குடியேறிவிடுகிறது. அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் ஆவலில்தான் பெயரை மாற்றுகிறீர்கள். ஆனால் குறை என்று நீங்கள் எண்ணுவதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவற்றுள் பல குறையே அல்ல என்பதுதான் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வழக்கு.

முதலில் அந்தப் பெயர்களின் உறவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903-ல் ரெஜினால்டு மாட்ஸ்லே கோவன்ட்ரி நகரில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிதான் தாய் ஸ்தாபனம். இரண்டாவது உலகப் போர் முடியும் தறுவாயில் அது விலைக்கு வாங்கிக்கொண்ட, அப்போது நொடித்துக் கிடந்த, இன்னொரு கம்பெனியின் பெயர்தான் டிரையம்ஃப். இங்கிலாந்தில் வியாபார காரணங்களால் தாயின் பெயர் கார்களிலிருந்து 1963-ல் மறைந்து போயிற்று. அறுபது ஆண்டு நிலவிய அந்தப் பெயரை அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு காலம், 1988 வரையில், உலகத்தில் உயிரோடு வைத்திருந்த இடம் சென்னை. ஆகவே உங்கள் கார் முகப்பில் இருந்த பெயர் இரவலும் அன்று, தாழ்ந்ததும் அன்று. பிறந்தகத்தில் கைவிடப்பட்ட பிறகும் நம் ஊரார் காப்பாற்றி வைத்திருந்த பழைய குடும்பப் பெயர். அதைத் திருப்புளி கொண்டு கழற்றும் முன் இந்த ஒன்றையாவது நினைத்துப் பார்த்திருக்கலாகாதா?

இனி, காரின் நிர்மாணத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் தொழிற்சாலையை 1953-ல் அதன் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், புதிய கார் ஒன்றுக்கு முழுக் கூட்டையும் ஒரே வார்ப்பாகச் செய்து தர ஆள் இல்லாமல் கோவன்ட்ரியார் தவித்தார்கள். அக்காலத்து ஐரோப்பியக் கார்கள் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, கூடும் சட்டகமும் ஒன்றேயான அமைப்புக்கு வேகமாக மாறிக்கொண்டிருந்தன என்பது நீங்கள் அறிந்ததே. அந்த வழி அடைபட்டதனால், தலைமைப் பொறியாளராயிருந்த ஹாரி வெப்ஸ்டர், பழைய முறைப்படி தனிச் சட்டகம் ஒன்றை நடுவே முதுகெலும்பாக வைத்து, அதன் மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று தனித்தனியே வெவ்வேறு இடங்களில் அடித்து வந்த தகரப் பகுதிகளை போல்ட்டு போட்டு இணைக்கும் முறையைத் துணிந்து மேற்கொண்டார். அந்த எலும்புக்கூட்டின் மேல் அழகைப் போர்த்தியவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. கூர்மையான மட்கார்டு விளிம்புகளும், அவற்றின் நுனியில் இமை வைத்தாற்போன்ற விளக்குகளும், மெல்லிய தூண்கள் தாங்கும் இலேசான கூரையும், அறை முழுவதும் வெளிச்சம் பாயும்படியான அகன்ற கண்ணாடிகளும் அவர் கைவண்ணம். பின்னாளில் ஸ்பிட்ஃபயர், டி.ஆர்.4, பி.எம்.டபிள்யூ. 700, ஆல்பைன் ஏ110 ஆகியவற்றுக்கெல்லாம் உருவம் கொடுத்த கலைஞர் அவர். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரில் அந்தக் கார் வெளியிடப்பட்டது.

இந்த விவரங்களை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவற்றை மீண்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெருக்கடியிலிருந்து பிறந்த அந்தப் போல்ட்டு போட்ட நிர்மாணமே, ஹெரால்டு காரைப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றி, பெரிய தகர அச்சுகளுக்கு முதல் போடச் சக்தியில்லாத தூர தேசங்களில் பூட்டி நிறுத்தவும், பிறகு ஒவ்வொரு பகுதியாக உள்ளூரிலேயே செய்யத் தொடங்கவும் சௌகரியம் அளித்தது. கோவன்ட்ரிக்கு அது வேறு வழியின்றிக் கொண்ட ஏற்பாடு. சென்னைக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. உங்களுக்கும் அதுவே இன்று பெரிய உபகாரம்: துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி எடுத்து வேறு பகுதியைப் பூட்ட முடிவதும், முன்புற பானட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்வதால் மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் கை வைக்க முடிவதும், அந்த நிர்மாணத்தின் பயன்களே. இருபத்தைந்து அடி விட்டத்துக்குள், அதாவது சுமார் 7.6 மீட்டருக்குள், முழு வட்டம் அடித்துத் திரும்பும் அதன் சாமர்த்தியத்தை மயிலாப்பூர்ச் சந்துகளில் ஓட்டியவர்களிடம் விவரிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலைமையையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இங்கே உற்பத்தித் திட்டம் உள்ள கம்பெனிகளே கார்த் தொழிலில் நீடிக்கலாம் என்று சுங்கவரிக் கமிஷனின் சிபாரிசை ஏற்று அரசாங்கம் 1953-ல் முடிவு செய்ததும், வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி மட்டும் விற்று வந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிப் புறப்பட்டன. எஞ்சியவற்றுள் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், பம்பாயில் பிரீமியரும் முன்னணியில் நிற்க, தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தன் தொழிற்சாலையில் வான்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று ஒவ்வொன்றாகப் பழகி, 1961-ல் ஹெரால்டைக் கையில் எடுத்தது. அதே ஆண்டுகளில்தான் நம் நகரத்தின் மேற்கே பாடியில் வீல்ஸ் இந்தியாவும், லூகாஸ்-டி.வி.எஸ்.ஸும், பிரேக்ஸ் இந்தியாவும் அடுத்தடுத்துத் தோன்றின. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் அதற்குப் பத்தாண்டு முன்னதாகவே வேலையைத் தொடங்கியிருந்தது. லேலண்டு கம்பெனி கோவன்ட்ரி ஸ்தாபனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதும் ஹெரால்டு இங்கே வந்த அந்த 1961-லேயே. எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையிலும் அந்த லேலண்டுக்கே பங்கு இருந்தது. இவையெல்லாம் நம் ஊரின் தொழில் சரித்திரம். நீங்கள் ‘உள்ளூர்ச் சரக்கு’ என்று அலட்சியமாகக் கழற்றி எறியும் டைனமோவிலோ, பிரேக் சிலிண்டரிலோ, சக்கரத்திலோ பொறித்திருக்கும் பெயரை ஒரு முறை துடைத்து வாசித்துப் பாருங்கள்; எந்தப் பட்டறையில் எந்தக் காலத்தில் அது உருவாயிற்று என்பதற்குச் சாட்சியாக வேறு ஏட்டுச் சுவடி ஏதும் எஞ்சியிருக்கும் என்று நம்பி அதை எறிந்துவிடாதீர்கள்.

எஞ்சினைப் பற்றித்தான் உங்களில் பலருக்கு வருத்தம். இங்கிலாந்தில் 948 சி.சி.யாகத் தொடங்கிய ஹெரால்டு 1961-லேயே 1147 ஆயிற்று, 1967-ல் 1296 ஆயிற்று. நம்முடையதோ கடைசி வரையில் 948-லேயே நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் குரலில் ஒரு வெட்கம் இழையோடுவதைக் கேட்டிருக்கிறேன். வெட்கத்துக்கு இதில் என்ன இருக்கிறது? 63 மில்லிமீட்டர் குறுக்களவும் 76 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்தச் சிறிய யந்திரம், 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி.யாகப் பிறந்து, வீச்சு மாறாமலே துளை மட்டும் பெருக்கப்பட்டு, மறு ஆண்டு டென் காரில் ஏறி, பிறகு ஹெரால்டுக்கு வந்தது. குறுக்களவைவிட வீச்சு நீண்டதாகையால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் குணம் அதற்கு இயல்பாக அமைந்திருக்கிறது. மாட்டு வண்டிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து, பிறகு மெதுவாக விலகி முந்த வேண்டியிருந்த அந்நாளைய சாலைகளில் அந்தக் குணம் போதியதாகவே இருந்தது. அதே வமிசத்து யந்திரம் பிற்காலத்தில் 1493 சி.சி. வரை வளர்ந்து ஸ்பிட்ஃபயரிலும் எம்.ஜி. மிட்ஜெட்டிலும் ஓடிற்று என்பதை நினைத்தால், அதன் அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பது விளங்கும். உங்கள் காரின் வேகம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேகத்துக்காகத்தான் அந்தக் காரின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பின் அச்சும் வகுக்கப்பட்டன.

இவ்வளவு சொல்லியும், எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிற்காலக் கார் ஒன்றின் எஞ்சினை அந்தச் சட்டகத்தில் இறக்கிவிடும் பழக்கத்தைப் பற்றி மனம் திறந்து பேசாமல் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் தலைமுறையாக இருந்து வந்த கார், பழுது பார்க்கச் சென்ற இடத்தில், ‘இனி இதற்குச் சாமான் கிடைக்காது’ என்ற ஒரு வார்த்தையின் பேரில், எஞ்சினும் கியர்பெட்டியும் பிடுங்கப்பட்டு, பானட்டின் உட்புறத் தகரம் வெட்டப்பட்டு, சட்டகத்தின் குறுக்குப் பட்டை ஒன்று அறுக்கப்பட்டு, வேறொரு பிராணியாகத் திரும்பி வந்தது. கழற்றிய எஞ்சின் எடைக்குப் போடப்பட்டுவிட்டது என்பதை வீட்டார் பிற்பாடுதான் அறிந்தார்கள். அந்தப் பட்டறைக்காரரைக் குறை கூறி என்ன பயன்? கழற்றியதை என் வீட்டில் கொண்டு வந்து இறக்கு என்று சொல்லும் அளவுக்காவது கார்க்காரர்களாகிய நாம் விழிப்போடு இருந்திருக்க வேண்டும்.

சட்டமும் இன்று உங்களைப் பார்த்து இதையே கேட்கிறது. 2021-ல் மத்திய அரசு பிறப்பித்த விதிகளின்படி, முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்த காரைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்து, ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்கள் கொண்ட தனி எண்ணைப் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் பத்து ஆண்டு, அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் அதை உபயோகிக்கலாகாது என்பது ஒரு நிபந்தனை. சட்டகத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவத்திலேயே கார் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான நிபந்தனை. 1968-ல் வெளிவந்த மூன்றாம் மாதிரி ஹெரால்டின் ஆரம்ப வண்டிகள்கூட இன்று அந்த வயதைக் கடந்துவிட்டன. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணுக்கும் காரில் உள்ள எஞ்சின் எண்ணுக்கும் சம்பந்தமில்லாமல் செய்துவிட்டு, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று வருந்துவதைக் காட்டிலும், முன்னமே யோசிப்பது உங்களுக்கும் நலம் அல்லவா?

பின் அச்சைப் பற்றிய புகார் பழையது. அதில் உண்மையும் உண்டு. அந்நாளில் இந்நாட்டில் உற்பத்தியான மூன்று கார்களில் அம்பாசடரும் ஃபியட்டும் ஒரே கட்டையான பின் அச்சின் மேல் ஓட, நான்கு சக்கரங்களும் தனித்தனியே எழுந்து தாழும் அமைப்புக் கொண்டது ஹெரால்டு ஒன்றே. அதன் கிரௌன் பெட்டி சட்டகத்தில் அசையாமல் பூட்டப்பட்டிருக்க, அதிலிருந்து இருபுறமும் நீளும் அரை அச்சுகள் உள்முனையில் மட்டும் மடிந்து ஊசலாடுவதாலும், குறுக்கே கிடக்கும் ஒரே அடுக்குப்பட்டை ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்குவதாலும், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்மானமும் மாறிக்கொண்டே இருக்கிறது. வேகமாக வளைவில் நுழைந்து, பயந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடிந்து, பிடிப்பு நழுவுகிறது. இங்கிலாந்தில் இதற்குப் பரிகாரமாக அந்த ஸ்பிரிங்கின் பட்டைகளையே நடுவில் அசையும்படி செய்து 1970-ல் ஸ்பிட்ஃபயரில் பொருத்தினார்கள். நம்மவர்கள் வேறு வழியில் சென்று, 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கெஜல் காரில் ஊசல் அச்சையே நீக்கி, நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான ஒரே கட்டை அச்சை வைத்தார்கள். இரண்டும் பொறியியல் விடைகள். இரண்டாவது விடை கண்டவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதை நீங்கள் மறக்கலாகாது. ஆனால் ஹெரால்டில் உள்ள ஊசல் அச்சை அறுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைப்பது அந்த வரலாற்றின் ஒரு படியையே அழிப்பதாகும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் சீராக இழுத்துச் செல்லுங்கள். அந்த அச்சு உங்களுக்கு யாதொரு தீங்கும் செய்யாது.

இங்கே என் வழக்கின் உயிர்நிலைக்கு வருகிறேன். 1968-ல் வண்டலூரிலிருந்து வெளிவந்த மூன்றாம் மாதிரி ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் இருந்தன. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவு ஸலூனாகவும், கூபேயாகவும், மடிக்கும் கூரை உடையதாகவும், எஸ்டேட்டாகவும், வேனாகவும் வந்தது. நான்கு கதவு ஹெரால்டு அங்கே ஒருபோதும் உற்பத்தியாகவில்லை. தாத்தாவும் பாட்டியும் குழந்தைகளும் முன் இருக்கையை மடித்து மடித்துப் பின்னால் நுழைய வேண்டிய சிரமத்தைக் கண்டு, அந்தக் காரின் பக்கத் தகரத்தையும் தூணையும் புதிதாக வகுத்து, மிக்கெலோட்டியின் கோட்டைக் கெடுக்காமல் இரண்டு கதவுகளை அதில் சேர்த்த வேலை நம் நாட்டில் நடந்தது. அந்தப் பின்கதவின் மேல்விளிம்பு கூரையோடு சேரும் இடத்தைச் சற்று நின்று பாருங்கள். எவ்வளவு சிரத்தையோடு அந்த வரை தொடரப்பட்டிருக்கிறது! இந்தக் காரின் முகப்பில் டிரையம்ஃப் பெயரைப் பொருத்துகிறவர், டிரையம்ஃப் கம்பெனி கனவிலும் செய்திராத ஒரு காருக்கு அதன் முத்திரையைக் குத்துகிறார். இரண்டு கதவு வண்டியிலாவது அது ஒரு மயக்கம் என்று பொறுக்கலாம். நான்கு கதவு வண்டியில் அது நேரான பொய்ச் சாட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் அபிமானி ஒருவர் அந்தக் காரைக் கண்டு, இது என்ன அதிசயம், எங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று வியந்து கேட்கும்போது, பெருமையோடு சொல்ல வேண்டிய விடையை நீங்களே அல்லவா மறைத்துவிட்டீர்கள்?

இதைவிடக் கொடிய காரியம் ஒன்று நடக்கிறது; அதைச் சொல்லும்போது என் உள்ளம் பதைக்கிறது. இரண்டு கதவு வண்டிக்கு விலை அதிகம், அழகும் அதிகம் என்று கருதி, அதன் புனரமைப்புக்குச் சாமான் எடுப்பதற்காக நான்கு கதவு வண்டிகளை வாங்கி உடைக்கிறார்கள். கூரை போல்ட்டு போட்டுப் பூட்டப்பட்டது என்னும் சௌகரியத்தைப் பயன்படுத்தி, ஸலூனின் கூரையைக் கழற்றிக் கடாசிவிட்டு, திறந்த காராக அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மாதிரி உலகத்தில் வேறெங்கும் இல்லையோ அதையே எங்கும் இருக்கும் மாதிரிக்காகப் பலியிடுவது என்ன கணக்கு? கம்பானியன் என்னும் எஸ்டேட் வண்டிக்கும், குறைந்த எண்ணிக்கையிலேயே உற்பத்தியான கெஜலுக்கும் இதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. கெஜலை அழகில்லாதது என்று ஒதுக்குகிறவர்களின் அபிப்பிராயத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. அதன் முகப்பு ஹெரால்டின் முகப்புக்கு ஈடாகாது என்பது மெய்தான், ஆயினும் நம் நாட்டுக் கைகள் ஒரு வெளிநாட்டு வடிவத்தை எடுத்துத் தாமாகவே திருத்தி எழுதிய முயற்சி என்ற முறையில், அது ஹெரால்டைக் காட்டிலும் கவனமாகப் போற்றப்பட வேண்டியது.

கோவன்ட்ரியில் பிறந்த காருக்கு அங்கே சங்கங்கள் உண்டு, நூல்கள் உண்டு, தொழிற்சாலைப் பதிவேடுகளைக் காக்கும் ஸ்தாபனங்கள் உண்டு. ஒரு கார் அழிந்தாலும் அதைப் பற்றிய அறிவு அங்கே அழிவதில்லை. நம்முடைய நிலைமை அதற்கு நேர்மாறானது. 1985-ல் ரோவர் காரின் உடலுக்குள் பழைய வான்கார்டின் வழிவந்த எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்த முயற்சி தோல்வியுற்று, 1988-ல் உற்பத்தி நின்ற பிறகு, அந்தத் தொழிற்சாலை மீண்டும் எழவில்லை. அங்கே தகரம் அடித்தவர்களும், வர்ணம் பூசியவர்களும், வரைபடம் எழுதியவர்களும் இன்று முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள், பலர் மறைந்துவிட்டார்கள். எந்த மாதிரியில் கதவுப் பலகைக்கு என்ன துணி தைத்தார்கள், எந்த வர்ணம் எந்த ஆண்டில் வந்தது, பின்விளக்கு எப்போது மாறிற்று என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவை, மாற்றப்படாமல் எஞ்சியிருக்கும் உங்கள் கார்களே. இருக்கையின் கிழிந்த துணியை உரித்தெறியும் முன் அதன் அடியில் ஒரு சாணாவது வெட்டி எடுத்து வையுங்கள். பழைய வர்ணத்தை முழுவதும் சுரண்டும் முன் டாஷ்போர்டுக்குப் பின்னாலோ டிக்கியின் மூலையிலோ ஓரிடத்தில் அதை அப்படியே விட்டுவையுங்கள்.

நீங்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். கார் என்பது ஓடுவதற்காக உள்ளது. பொருட்காட்சிச் சாலையில் நிறுத்துவதற்கு அன்று. பாகம் கிடைக்காதபோது கிடைப்பதைப் போட்டுத்தானே ஓட்ட வேண்டும் என்பீர்கள். முழு மனத்தோடு இசைகிறேன். கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் போன்ற ஒன்றில் வைத்துக் காப்பது ஒரு தொண்டு. சாலையில் ஓட்டிக் காப்பது இன்னொரு தொண்டு. மிக்கெலோட்டியின் சொந்த ஊரான டூரின் பெயராலேயே சர்வதேசப் பழங்காலக் கார் சங்கமான ஃபிவா ஏற்றுக்கொண்ட சாசனம்கூட மாற்றம் எதையும் செய்யாதே என்று தடுக்கவில்லை. அவசியமான மாற்றம் அடக்கமானதாகவும், வேண்டும்போது பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகவும் இருக்கட்டும், கழற்றிய மூல பாகத்தைக் காரோடு சேர்த்தே பாதுகாத்து வை என்றுதான் அது சொல்கிறது. இன்றைய போக்குவரத்தில் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டி முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்துகிறீர்களா? பொருத்துங்கள், கழற்றிய டிரம்முக்கு எண்ணெய் பூசிப் பரண்மேல் ஏற்றுங்கள். இருக்கைப் பெல்ட்டு போடுங்கள், பின்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு திரும்பும் அடிமரையில், அதாவது டிரன்னியனில், கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயிலையே தவறாமல் விடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் காட்டும் அசிரத்தைதான் தண்டு துருவேறி முறிந்து சக்கரம் மடிவதற்குக் காரணமாகிறது, ஆபத்து வந்த பிறகு பழி முழுவதும் ‘பழைய கார்’ மேல் விழுகிறது. இங்கிலாந்துப் பாகத்தை வாங்கிப் போடுவதிலும் தவறில்லை. அதைப் போட்டபின் காரின் ஜாதகத்தையே மாற்றி எழுதுவதுதான் தவறு.

ஆகவே உங்களிடம் நான் இரந்து கேட்பவை இவை. அடுத்த முறை காரைப் பட்டறைக்கு அனுப்பும் முன், சட்டக எண், எஞ்சின் எண், உற்பத்திப் பலகையில் உள்ள எழுத்துக்கள், கண்ணாடிகளிலும் விளக்குகளிலும் உள்ள முத்திரைகள், பூசிய வர்ணங்களின் அடுக்கு ஆகிய அனைத்தையும் படமெடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதன் பிரதி ஒன்றை ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஹெரால்டு பழுது பார்த்த மெக்கானிக் எவராவது உயிரோடிருந்தால், தாம்பூலம் வைத்து அழைத்து, அவரை உங்கள் காரின் முன் உட்கார வைத்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த ஐயா ஒருவரை அறிவீர்களானால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை. நான்கு கதவு வண்டியோ, கம்பானியனோ, கெஜலோ எந்த நிலைமையில் விற்பனைக்கு வந்தாலும், உடைப்பவர் கைக்கு அது போகாமல் உங்களுக்குள்ளேயே சொல்லி அனுப்பி, வைத்துக் காப்பாற்றக்கூடிய ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். எஞ்சினை மாற்றியவர்கள், மூல எஞ்சின் இன்னும் எங்காவது மூலையில் கிடந்தால், அது ஓடாத நிலையில் இருந்தாலும் காரோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவர் அதைத் திரும்பப் பூட்டக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக அந்தப் பெயரைத் திரும்ப வையுங்கள். தொலைந்துவிட்டது, இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஸ்டாண்டர்டு பெயர்ச்சின்னத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சில நாளைக்கு இரவல் கொடுத்தால், அச்சு எடுத்து வார்த்துத் தரக்கூடிய வார்ப்புப் பட்டறைகளுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் குறைவில்லை. இரவல் கொடுக்கக்கூடியவர்கள் முன்வாருங்கள். வேண்டுபவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வரும் அணிவகுப்புக்கு முன்னதாகவே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கார்களின் நலம் நாடும் அன்பன்.